வெல்லஸ்ஸவை விட்டுப் போகாத குரு: அருட்தந்தை மைக்கல் ரொட்ரிகோ

லுணுகலையில் பஸ் ஏறி பிபிலைப் பக்கம் இறங்கினால், கொஞ்ச நேரத்தில் தேயிலை பின்னால் போய்விடும். குளிர் விடும். லயங்கள் மறைந்து வயலும் சேனையும் சிறு குளங்களும் வரும். மேலே தமிழ்த் தோட்டங்கள், கீழே சிங்களக் கிராமங்கள். ஒரே மாகாணமாக இருந்தாலும் மேலே இருப்பவர்களுக்குக் கீழே இருப்பவர்களின் கதை தெரியாது. கீழே இருப்பவர்களுக்கும் அப்படித்தான்.

அந்தக் கீழ்நாட்டில், புத்தல பிரதேசத்தின் அலுகலவிட்ட என்ற கிராமத்தில், 1987 நவம்பர் 10ஆம் திகதி மாலை ஒரு கத்தோலிக்கக் குரு திருப்பலி ஒப்புக்கொடுத்துக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பெயர் மைக்கல் ரொட்ரிகோ. அப்போது அவருக்கு வயது 60. சிங்களக் கத்தோலிக்கர் பலருக்கும், மதங்களுக்கிடையிலான உரையாடலில் அக்கறையுள்ளவர்களுக்கும் அவர் நன்கு தெரிந்த பெயர். ஆனால் அதே பதுளை மறைமாவட்டத்தைச் சேர்ந்த நம் தோட்டத்துக் கோயில்களில் அந்தப் பெயரை அறிந்தவர்கள் குறைவு.

தியாகம், அர்ப்பணம் என்ற சொற்களை நாம் அடிக்கடி கேட்கிறோம். தபசு காலத்தில் இன்னும் கூடுதலாகக் கேட்கிறோம். அந்தச் சொற்களுக்கு நம் மாகாணத்திலேயே ஒருவர் தன் வாழ்க்கையால் பொருள் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

கதிரையிலிருந்து எழுந்தவர்

மைக்கல் ரொட்ரிகோ 1927இல் தெஹிவளையில் பிறந்தவர். அமலமரித் தியாகிகள் சபையில் சேர்ந்து 1954இல் குருவானார். சபையின் பெயரிலேயே தியாகம் இருக்கிறது. அவரை முதலில் அறிந்தவர்களுக்கோ அவர் ஒரு படிப்பாளி. ரோமில் மெய்யியல் படித்துக் கலாநிதிப் பட்டம் பெற்றார். கண்டி அம்பிட்டிய தேசிய குருமடத்தில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கற்பித்தார். பின்னர் பாரிஸ் கத்தோலிக்கக் கல்வி நிறுவனத்தில் இரண்டாவது கலாநிதிப் பட்டமும் பெற்றார். பௌத்தத்தை ஆழமாகக் கற்றவர், கவிதையும் எழுதியவர்.

அந்தத் தகைமைகளோடு வெளிநாட்டிலேயே இருந்திருக்கலாம். பாரிஸிலேயே கற்பிக்க வாய்ப்பும் வந்தது. அவர் அதை ஏற்காமல் நாடு திரும்பினார். அப்படித் திரும்பியும் கொழும்புக்கோ கண்டிக்கோ அவர் போகவில்லை. ஊவாவுக்கு வந்தார்.

அவர் ஊவாவுக்கு வந்ததற்குப் பின்னால் இன்னொரு மனிதர் இருக்கிறார். ஆயர் லியோ நாணயக்கார. ஆசீர்வாதப்பர் சபைத் துறவியான அவர் 1959 முதல் கண்டி மறைமாவட்டத்தின் ஆயராக இருந்தவர். பதுளை, மொனராகலை மாவட்டங்களைப் பிரித்து 1972 டிசம்பரில் பதுளை மறைமாவட்டம் உருவாக்கப்பட்டபோது, பெரிய கண்டியை விட்டுவிட்டு வறிய பதுளையைத் தானே ஏற்றுக்கொண்டார். உயர்ந்த இடத்திலிருந்து தாழ்ந்த இடத்துக்கு விரும்பி மாறிப் போகும் அதிகாரியை நாம் எங்கே கண்டிருக்கிறோம்? 1982இல் இறக்கும்வரை அவர் இங்கேயே இருந்தார்.

ஆயர் லியோ பண்டாரவளையில் சேவக செவண என்ற பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார். குருவாகப் போகிறவர்கள் புத்தகத்தோடு மட்டும் நில்லாமல், ஏழைகளோடு வாழ்ந்தும் கற்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அங்கே பொறுப்பேற்றவர்தான் மைக்கல் ரொட்ரிகோ. அம்பிட்டியவில் கதிரையில் இருந்து கற்பித்தவர், பண்டாரவளையில் இளைஞர்களோடு சேர்ந்து தானும் கற்கத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அதுவும் அவருக்குப் போதவில்லை. ஏழைகளைப் பற்றிக் கற்பித்தது போதும், அவர்களோடு போய் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்.

சுப செத் கெதர

1980இல் அவர் அலுகலவிட்டவுக்குப் போனார். அதே ஆண்டு மார்ச் மாதத்தில், உலகத்தின் மறுகோடியில் எல் சல்வடோரில், பேராயர் ஒஸ்கார் ரொமேரோ திருப்பலி நேரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். ஏழு ஆண்டுகள் கழித்துத் தனக்கும் அதே விதமான முடிவு வரும் என்று புத்தலவுக்குப் புறப்பட்டவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அலுகலவிட்ட பௌத்தக் கிராமம். கத்தோலிக்கர் இல்லாத இடத்தில் ஒரு குருவுக்கு என்ன வேலை? மதம் மாற்றவே வந்திருக்கிறார் என்று கிராமத்தார் சந்தேகப்பட்டார்கள். அந்தச் சந்தேகத்தில் பிழையும் இல்லை. இந்த நாட்டில் சிலுவை பல வேளைகளில் ஆட்சியாளரின் கப்பலில்தான் வந்து இறங்கியிருக்கிறது.

அவரோ யாரையும் மதம் மாற்ற முயலவில்லை. எளிமையான ஒரு வீடு. அதற்குச் சுப செத் கெதர, அதாவது நல்வாழ்த்து இல்லம் என்று பெயர். இரண்டு அருட்சகோதரிகளும் அவரோடு அந்தப் பணியில் இணைந்தார்கள். பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் வகுப்பு, மூலிகை மருத்துவம், இரசாயனப் பசளை இல்லாத பயிர்ச்செய்கை, கடனில் மூழ்கியவர்களோடு பேசுவது, பன்சலைக்குப் போய்ப் பிக்குமாரோடு உட்கார்ந்து கேட்பது என்று வேலைகள் நடந்தன. நாளாக ஆகச் சந்தேகம் குறைந்தது. பிக்குமார் சிலர் அவருடைய தோழர்களானார்கள்.

நற்செய்தியைப் பரப்பவே குருவான ஒருவர், தன் பக்கம் ஒருவரையும் சேர்க்காமல் ஏழு ஆண்டுகள் வாழ்ந்தது தோல்வியா? திருச்சபைக்குள்ளும் இந்தக் கேள்வி இல்லாமலில்லை. ஆனால் அவர் வைத்த கணக்கு வேறு. கிறிஸ்துவின் அன்பை அந்த மக்கள் ஒரு அயலவனாக உணர்ந்தால் போதும், அதற்குப் பதிலாக எதையும் கேட்கக் கூடாது என்று வாழ்ந்தார். திருமுழுக்குப் பதிவேட்டில் எண்ணிக்கை கூடுவதைக்கூட எதிர்பாராமல் கொடுத்த இந்தக் கொடையைச் சிறியது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1818இன் கடன்

அவர் வெல்லஸ்ஸவைத் தெரிவு செய்ததற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. வெல்லஸ்ஸ என்றால் இலட்சம் வயல்களின் நாடு. 1817, 1818 ஆண்டுகளில் ஊவா-வெல்லஸ்ஸ மக்கள் பிரித்தானிய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். ஆளுநர் பிரவுன்றிக்கின் படை அதை அடக்கிய விதம் கொடூரமானது. ஆட்களைக் கொன்றதோடு நிற்காமல் கிராமங்களையும் பயிரையும் எரித்தார்கள். கால்நடைகளையும் நீர்ப்பாசனத்தையும் அழித்தார்கள். இலட்சம் வயல்களின் நாடு இலங்கையின் மிக வறிய பிரதேசங்களில் ஒன்றாகிப்போனது.

அதைச் செய்த ஆட்சி தன்னைக் கிறிஸ்தவ ஆட்சி என்றே சொல்லிக்கொண்டது. மைக்கல் ரொட்ரிகோ அந்த வரலாற்றைத் தேடிப் படித்தார், எழுதினார். அங்கே வாழ்வதை அவர் தருமம் செய்வதாக எண்ணவில்லை. தன் மதத்தின் பெயரைச் சுமந்தவர்கள் வைத்துவிட்டுப் போன கடனில் ஒரு சிறு பங்கைத் திருப்பிக் கொடுப்பதாகவே எண்ணினார்.

இந்த இடத்தில் தோட்டத்துத் தமிழர்களாகிய நாமும் நின்று யோசிக்க வேண்டும். 1818இல் ஊவா அடக்கப்பட்ட பிறகுதான் இந்த மலைகளில் கோப்பியும் பின்னர் தேயிலையும் வந்தன. அந்தத் தோட்டங்களுக்காகத்தான் நம் முன்னோர் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டார்கள். கீழே வயலை இழந்தவர்களும் மேலே கூலியாக வந்தவர்களும் ஒரே ஆட்சியால் பாதிக்கப்பட்டவர்கள். ஆனால் ஒருவரை ஒருவர் எதிரியாகப் பார்க்கவே பழக்கப்பட்டோம். 1983 ஜூலையில் பதுளை நகரம் எரிந்தபோது அந்தப் பழக்கத்தின் விலையைக் கொடுத்தவர்கள் நாம்.

கரும்பும் துப்பாக்கியும்

1980களில் பெல்வத்தையில் பெரிய அளவில் கரும்புச் செய்கையும் சீனித் தொழிற்சாலையும் வந்தன. மக்கள் காலங்காலமாகச் சேனைப் பயிர் செய்த நிலங்கள் கரும்புக்குப் போயின. தன் காணியில் குரக்கனும் சோளமும் விதைத்தவன் கூலிக்குக் கரும்பு வெட்டும் நிலைக்கு வந்தான். கூலி என்ற சொல்லின் கனம் நமக்குத் தெரியும், விளக்கத் தேவையில்லை. மைக்கல் ரொட்ரிகோ விவசாயிகளின் பக்கம் நின்றார். அது அவருக்கு எதிரிகளைச் சம்பாதித்துக் கொடுத்தது.

1987 ஜூலை 29இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதைத் தொடர்ந்து தெற்கில் மக்கள் விடுதலை முன்னணியின் இரண்டாவது கிளர்ச்சி தீவிரமடைந்தது. கிராமத்து இளைஞர்கள் இரு பக்கத் துப்பாக்கிகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளைகளுக்காகப் பேசப் போனவரையும் சந்தேகக் கண்கள் பின்தொடர்ந்தன. ஏழைகளோடு இருக்கும் படித்தவன் யாருக்கோ வேலை செய்கிறான் என்று நினைப்பது அதிகாரத்தின் வழக்கம்.

ஆபத்து நெருங்குவது சுப செத் கெதரவில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. இருப்பதா, போவதா என்று கலந்து பேசினார்கள். அவர் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவருக்குப் போக இடம் இருந்தது. கிராமத்தாருக்கு வேறு இடம் இல்லை. மக்களை விட்டுவிட்டுப் போக அவருக்கு மனமில்லை. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1996இல், அல்ஜீரியாவின் திபிரின் மடத்துத் துறவிகளும் இதே கேள்விக்கு இதே பதிலைச் சொல்லி உயிரை இழந்தார்கள்.

நவம்பர் 10ஆம் திகதி மாலை அந்தச் சிறு குழு திருப்பலிக்காகக் கூடியது. திருப்பலி முடியும் தறுவாயில் வெடிச் சத்தம் கேட்டது. குண்டு தலையில் பாய்ந்து அவர் அந்த இடத்திலேயே இறந்தார். அப்பமும் இரசமும் வைத்த இடத்தில் அவருடைய இரத்தமும் சிந்தியது. கொன்றவர் யாரென்று இன்றுவரை எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவில்லை.

இந்த நாட்டில் அவர் தனித்தவரும் அல்லர். 1985 ஜனவரியில் மன்னார் வங்காலையில் அருட்தந்தை மேரி பஸ்ரியன் கொல்லப்பட்டார். 1988 ஜூனில் மட்டக்களப்பில் அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ கொல்லப்பட்டார். தமிழ் மக்களுக்காக நின்றவர்களை நாம் நினைவுகூருகிறோம், அது சரி. சிங்கள விவசாயிக்காக நின்றவரையும் அதே வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் அந்த மரணங்களின் முழுப்பொருள் நமக்குப் புரியும்.

யார் கொடுக்க வேண்டும்?

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மைக்கல் ரொட்ரிகோ தன் கடைசி ஆண்டுகளைச் சிங்களக் கிராமத்தில் கழித்தார், லயத்தில் அல்ல. ஒரு மனிதன் ஓரிடத்தில்தான் வேரூன்ற முடியும். ஆனால் அவர் வாழ்க்கை எழுப்பும் கேள்வி லயத்துக்கும் பொருந்தும்.

தியாகத்தைப் பற்றிய பிரசங்கத்தை நம் தோட்டங்களில் யார் கேட்கிறார்கள்? விடியமுன் எழுந்து சமைத்துவைத்து, பெரட்டுக்கு ஓடி, அட்டைக்கடியோடு கொழுந்து பறித்து, மாலையில் மீண்டும் அடுப்படிக்கு வரும் பெண்கள்தான். ஏற்கெனவே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டவர்களிடம் இன்னும் கொடுங்கள், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது எளிது. அவர்கள் சுமப்பது அவர்கள் மீது ஏற்றப்பட்ட சுமை. அதைத் தியாகம் என்று அழைப்பது சுமை ஏற்றியவனுக்குத்தான் வசதி.

மைக்கல் ரொட்ரிகோவின் அர்ப்பணம் எதிர்த்திசையில் நடந்தது. இருந்தவர் கொடுத்தார், இல்லாதவரிடம் கேட்கவில்லை. பதவியை முதலில் கொடுத்தார். பிறகு வசதியை, பிறகு மதம் மாற்றும் உரிமையை, பிறகு பாதுகாப்பை. உயிர் கடைசியாக வந்தது. நவம்பர் 10 திடீரென்று வந்த வீரம் அல்ல. முன்னைய ஒவ்வொரு கொடையும் அதற்கு அவரைப் பழக்கியிருந்தது.

முழு மனதோடு கடவுளுக்கு என்று சொல்கிறவர்கள், குருவோ போதகரோ பொதுநிலையினரோ, தங்களிடம் இருப்பதில் எதைக் கீழே வைத்திருக்கிறோம் என்று கேட்டுக்கொள்ள இந்த வாழ்க்கை போதும். லுணுகலையிலிருந்து வெல்லஸ்ஸவுக்குப் பஸ் தினமும் இறங்குகிறது. வரும் நவம்பரிலாவது நம் கோயில்களின் மன்றாட்டுகளில் அவர் பெயர் ஒருமுறை வாசிக்கப்பட்டால் நல்லது. அவருக்கு அது தேவைப்படாது, நமக்குத் தேவைப்படும்.