கலையைத் தவமாகக் கண்டவர்

வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையிலிருந்து தென்மேற்கே சில கல் தொலைவில் தில்லைக் கோபுரங்கள் எழுந்து நிற்கின்றன. அவற்றின் வாயில்களில் 108 கரணங்களும் சிற்பங்களாக விளங்குகின்றன. தில்லையில் ஆடும் கூத்தனின் திருவுருவம் உணர்த்தும் தத்துவத்தை மேலைநாட்டார்க்கு விளக்கியவர்களுள் தலையாயவர், இலங்கைத் தமிழ்க் குடியில் தோன்றிய ஆனந்த குமாரசுவாமி.

அவர் 1877 ஆகஸ்டு 22ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். தந்தையார் சர் முத்துக் குமாரசுவாமி. தாயார் எலிசபெத், ஆங்கிலேயப் பெண்மணி. இரண்டு வயது நிறைவதற்குள் தந்தையை இழந்த அவர், இங்கிலாந்தில் தாயின் அரவணைப்பில் வளர்ந்து, இலண்டனில் நிலவியலும் தாவரவியலும் பயின்றார். பின்னர் இலங்கையின் கனிமவள ஆய்வுக்குத் தலைமை தாங்கித் தோரியனைட்டு என்னும் கனிமத்தைக் கண்டறிந்தார்.

பாறைகளைத் தேடி ஊர் ஊராகச் சென்றவர் கண்டது வேறொன்று. கண்டி நாட்டுத் தச்சரும் கொல்லரும் நெசவாளரும் இயந்திரச் சரக்கின்முன் தொழிலிழந்து நின்றனர். அவர்தம் கைத்திறனை ஆராய்ந்து பெருநூலாக எழுதினார். வில்லியம் மோரிசு பயன்படுத்திய கை அச்சுப்பொறியிலேயே, தம் மேற்பார்வையில், அதனை 425 படிகள் அச்சிட்டு 1908இல் வெளியிட்டார். கைத்தொழிலின் அழிவைக் கூறும் நூலைக் கைத்தொழிலாலேயே ஆக்கியது அவர் இயல்புக்கு ஏற்றதே.

சிற்பி உளிபிடிக்கும் முன் தியான சுலோகத்தை ஓதி, தெய்வ வடிவை உள்ளத்தில் நிறுத்தி, அதனோடு தான் ஒன்றாகி, அதன்பின்னரே கல்லைத் தொடவேண்டும் என்பது நம் மரபு. இதனைக் குமாரசுவாமி வெறும் சடங்காகக் கொள்ளவில்லை. கலைப்பயிற்சியின் உயிர்நிலையே அதுதான் என்று கொண்டார். தில்லைக் கூத்தைப் பற்றிய அவரது கட்டுரை 1912இல் ‘சித்தாந்த தீபிகை’யில் வந்தது. உண்மை விளக்கம், திருமந்திரம் முதலியவற்றின் துணைகொண்டு, படைத்தல் முதலிய ஐந்தொழில்களையும் அவ்வாடலில் அவர் காட்டினார்.

முதல் உலகப்போரில், உரிமையற்ற இந்தியர் பிரிட்டனுக்காகப் போரிடக் கடமைப்பட்டவரல்லர் என்று உறுதியாக நின்றமையால், அவர் இங்கிலாந்தை நீங்க நேர்ந்தது. 1917இல் அமெரிக்காவின் பாசுடன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைப்பிரிவின் காப்பாளரானார். சப்பானிய அறிஞர் ஒககுரா ககுசோ சில ஆண்டுகளுக்குமுன் பணியாற்றிய இடம் அது. 1902இல் இந்தியாவில் தங்கித் தாகூர் குடும்பத்தாரோடு பழகியவர் ஒககுரா. தேநீர் பற்றிய தம் நூலில், தேநீர் வழங்குவதும் அகப்பயிற்சியே என அவர் உலகுக்கு உணர்த்தினார். சப்பானியர் தேநீர்க் கலையைச் சாதோ என்றும் மலரமைப்பைக் காதோ என்றும் வழங்குவர். ஈற்றிலுள்ள ‘தோ’ என்பதற்கு வழி என்பது பொருள். பல்லாண்டுகள் ஆசிரியரைப் பணிந்து கற்று, செய்பவர் தம்மை மறக்கும் நிலையை எய்தும் வழி அது. தியானம் என்ற சொல்லே சீனம் சென்று ‘சான்’ ஆகி, சப்பானில் ‘சென்’ ஆயிற்று. ஆசியக் கலைகளை ஆராய்ந்த குமாரசுவாமிக்கு இவ்வுறவு வியப்பளிக்கவில்லை. 1934இல் வெளியிட்ட நூலில் இந்தியச் சிற்பியையும் கிழக்காசிய ஓவியரையும் ஒரே தவநெறியினராகவே அவர் ஆராய்ந்தார்.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். பழங்கைவினையைப் போற்றும் ஆர்வத்தில் பிறப்புவழித் தொழில்முறையையும் அவர் நியாயப்படுத்தினார். பிறப்பினால் பெருங்கலைகள் மறுக்கப்பட்டோரின் துயர் அவர் எழுத்தில் போதிய இடம் பெறவில்லை. ஆயினும், கலை செல்வர்தம் மாளிகைக்குரிய அணிகலன் அன்று என்று ஓயாது வாதிட்டவரும் அவரே. வழிபடவும் பயன்படுத்தவும் செய்த பொருள்களைக் கண்ணாடிப் பேழையில் அடைத்துக் காக்கும் பணியில் இருந்துகொண்டே, அது அவற்றுக்கு உரிய இடம் அன்று என்றும் கூறினார்.

1947 ஆகஸ்டு 22இல் அவருக்கு எழுபது நிறைந்தது. இந்தியா விடுதலை பெற்று ஒரு வாரமே ஆகியிருந்தது. நண்பர்கள் அளித்த விருந்தில், எழுத்துப் பணியை விடுத்து இந்தியா திரும்பித் தியான வாழ்வில் அமையவிருப்பதாக அவர் அறிவித்தார். செப்டம்பர் 9ஆம் நாள், பாசுடனை அடுத்த நீடம் என்னும் ஊரில், தம் இல்லத்திலேயே காலமானார்.