எழுத்தறிவைக் கொடையாக்கிய ஸைத் (ரலி)

நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்கு வயது 11. தந்தையை இழந்தவர். பத்ருப் படையில் சேர வயது போதவில்லை. ஆனால் எழுதத் தெரியும். யூதர்களுடனான கடிதங்களுக்கு நம்பகமான ஆள் தேவைப்பட்டபோது, நபியவர்களின் கட்டளைப்படி சுமார் 15 நாட்களில் அவர்களின் எழுத்தைக் கற்றுக்கொண்டார்கள். வஹீயையும் எழுதினார்கள். பொருளை வாரிக் கொடுத்த தோழர்கள் பலர்; ஸைத் கொடுத்தது இந்தத் திறமையை.

யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்தவர்கள் பலர் ஷஹீதானார்கள். அதைத் தொகுக்கும் பொறுப்பை கலீஃபா அபூபக்ர் (ரலி) இந்த இளைஞரிடம்தான் ஒப்படைத்தார்கள். மலையைப் பெயர்ப்பதைவிடப் பாரமாகத் தெரிந்தது. முழுதும் மனனமாகியிருந்தும் நினைவை மட்டும் நம்பவில்லை; பேரீச்ச மட்டைகளிலும் கற்களிலும் இருந்ததை, மனிதர்களின் நெஞ்சில் இருந்ததைத் தேடித் தேடித் திரட்டினார்கள். பின்னர் உஸ்மான் (ரலி) காலத்தில் பிரதிகள் எடுத்தபோதும் அவர்களையே அழைத்தார்கள்.