பீத்தோவன் பெற்ற ஆண்டுக்கொடை

புலவனும் பாணனும் புரவலனை நாடிச் சென்ற காலம் எல்லா நாடுகளிலும் இருந்தது. பாடிய பின்னர்ப் பரிசில் பெறுதலே பெரும்பாலும் அக்கால மரபு. இன்னது பாடுக என்று பணியாது, வாழ்நாள் முழுவதும் உணவுக்கும் உறையுளுக்கும் போதிய பொருளை எழுத்து மூலம் ஒரு கலைஞனுக்கு உறுதி செய்தல் அரிதினும் அரிது. அத்தகைய உறுதியொன்றைப் பெற்றவர் ஜேர்மனிய இசைமேதை லுட்விக் வான் பீத்தோவன். அவர்தம் இசையைப் போற்றுவார் பலர். அவ்விசை எந்தச் சோற்றினால் வளர்ந்தது என்று வினவுவார் மிகச் சிலரே.

ரைன் நதிக்கரையிலுள்ள பொன் நகரில் 1770 ஆம் ஆண்டு டிசெம்பர் 17 ஆம் திகதி அக்குழந்தைக்கு ஞானஸ்நானம் அளிக்கப்பட்டது. பாட்டனார் அந்நகர் அரண்மனையின் இசைக்குழுத் தலைவராக விளங்கியவர். தந்தையாரும் அங்கே பாடகராயிருந்தார்; ஆயின் மதுவுக்கு அடிமையாகித் தம் தொழிலைக் கெடுத்துக் கொண்டார். 1787 இல் தாயாரும் மறைந்தார். இருபது வயது நிரம்புமுன்னரே பீத்தோவன், தந்தையின் சம்பளத்திற் பாதியைத் தம் கையில் தருமாறு 1789 இல் அரண்மனைக்கு விண்ணப்பித்துப் பெற்று, இரு தம்பியரையும் காக்கும் பொறுப்பை ஏற்றார். நிலையான வருமானம் ஒரு குடும்பத்துக்கு எத்துணை இன்றியமையாதது என்பதை அவர் இளமையிலேயே உணர்ந்தார் எனலாம்.

1792 இல் வியன்னா சென்று ஐடன் என்னும் பேராசானிடம் பயின்றார். பொன் நகரிலிருந்து வந்த உதவிப்பணம், பிரெஞ்சுப் படை அந்நகரைக் கைப்பற்றிய 1794 இல் நின்றுபோயிற்று. மாணாக்கருக்குப் பாடஞ் சொல்லியும், அரங்குகளிற் பியானோ வாசித்தும், பதிப்பாளருக்குப் படைப்புக்களை விற்றும் வாழ்ந்தார். 1800 தொடக்கம் லிக்னோவ்ஸ்கி பிரபு ஆண்டுக்கு 600 குல்டன் அளித்து வந்தார். எனினும், 1806 இல் அப்பிரபுவின் மாளிகையிலே பிரெஞ்சுப் படை அதிகாரிகளுக்கு முன் வாசிக்குமாறு வற்புறுத்தப்பட்டபோது, பீத்தோவன் சினந்து மறுத்து வெளியேறினார். நட்பிற் பெரும் பிளவு நேர்ந்தது. இதற்குள் அவரது செவிப்புலனும் ஆண்டுதோறும் மங்கி வந்தது. பியானோ வாசித்துப் பொருளீட்டும் வழி அடைபடப் போகின்றது என்பதை அவர் அறிந்திருந்தார்.

1808 இன் இறுதியில் நெப்போலியனின் தம்பியும் வெஸ்ற்பேலியா நாட்டு மன்னனுமாகிய ஜெரோம், 600 பொற்காசு ஆண்டுச் சம்பளத்துடன் பீத்தோவனைத் தன் அரண்மனைக்கு அழைத்தான். அவர் செல்லவும் துணிந்தார். வியன்னாவிலிருந்த நண்பர்கள் இதனைக் கேட்டுக் கலங்கினர். அதன் விளைவாக 1809 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 1 ஆம் திகதி ஓர் உடன்படிக்கை எழுந்தது. பேரரசரின் இளவலாகிய ருடோல்ப் 1500 குல்டனும், லொப்கோவிட்ஸ் பிரபு 700 குல்டனும், கின்ஸ்கி பிரபு 1800 குல்டனுமாக ஆண்டுக்கு 4000 குல்டன் வழங்க ஒப்பினர்.

கவலையற்ற மனிதனே தன் கலையிற் முழுமையாக ஈடுபட்டுப் பேரிலக்கியம் ஒத்த இசையைப் படைக்கவல்லான் என்பதே அவ்வுடன்படிக்கையின் அடிப்படை. இத்தனை படைப்புத் தரவேண்டும் என்றோ, யார் புகழையேனும் பாடவேண்டும் என்றோ அதில் விதியில்லை. வியன்னாவிலோ ஒஸ்திரியப் பேரரசரின் பிற நகரொன்றிலோ வாழ்தல் வேண்டும் என்பதே நிபந்தனை. ஆயினும் எழுதப்படாத கடமையொன்றும் இருந்தது. ருடோல்ப் இளவரசர் அவரிடம் இசை பயின்றவர். அப்பாடவேளைகள் தம் நேரத்தை உண்பதாகப் பீத்தோவன் அடிக்கடி மனங்கசந்தார்.

கொடை எழுதப்பட்ட சில கிழமைகளிலேயே போர் மூண்டது. மே மாதத்தில் நெப்போலியன் படை வியன்னாவைக் கைக்கொண்டது. போர்ச்செலவால் நலிந்த அரசு, 1811 பெப்ரவரியில் வெளியிட்ட கட்டளையால் பழைய காசுத்தாள்களின் பெறுமதியை ஐந்தில் ஒன்றாகக் குறைத்தது. இளவரசர் தம் பங்கைப் புதிய நாணயத்திற் குறைவின்றித் தர உடனே இசைந்தார். லொப்கோவிட்சோ இசைக்கும் நாடகத்துக்கும் வாரி வழங்கிக் கடனில் மூழ்கியவர். அவர் பங்கு 1811 இலேயே நின்றது. முழுத்தொகை தருவதாக வாய்ச்சொல் அளித்த கின்ஸ்கி, அதனை எழுத்தில் வைக்குமுன் 1812 நவம்பரிற் குதிரையிலிருந்து வீழ்ந்து மாண்டார். எழுத்தில்லாத வாக்குறுதியை அவர் குடும்பத்தார் ஏற்க மறுத்தனர். பேரிசைஞர் வழக்காட வேண்டியவரானார். 1815 இல் இணக்கம் ஏற்பட்டு, கின்ஸ்கி குடும்பம் 1200 குல்டனும் லொப்கோவிட்ஸ் 700 குல்டனும் தர, மொத்தம் 3400 குல்டன் என்று முடிந்தது. எண்ணிக்கை பெரிதாயினும் நாணயத்தின் பெறுமதி முன்போலில்லை.

இங்ஙனம் தேய்ந்த கொடையாயினும் அது 1827 வரை நின்றது. இளவரசர் பேராயராகப் பதவியேற்கும் 1820 ஆம் ஆண்டு விழாவுக்கென ஒரு பெருந்திருப்பலி இசையைப் பீத்தோவன் தொடங்கினார். விழா முடிந்தது, இசை முடியவில்லை. மேலும் மூன்றாண்டு உழைத்து 1823 இலேயே அதனைக் கையளித்தார். பிந்தியமைக்காக இளவரசர் கொடையை நிறுத்தினாரல்லர். மறு ஆண்டு மே மாதம் 7 ஆம் திகதி ஒன்பதாம் சிம்பனி அரங்கேறியது. அரங்கின் ஆரவாரம் அவர் செவியில் விழவில்லை. பாடகி ஒருத்தி அவரைச் சபையோர் பக்கம் திருப்பியே அதனைக் காட்டவேண்டியிருந்தது.

இறுதி நோயில் வறுமையை அஞ்சி அவர் இலண்டன் பில்ஹார்மொனிக் சங்கத்துக்கு எழுத, அச்சங்கம் 100 பவுண் அனுப்பியது. 1827 மார்ச்சு 26 ஆம் திகதி உயிர் நீத்தார். மறைவான இழுப்பறையொன்றில் ஏழு வங்கிப் பங்குகள் இருந்தன. தம் தம்பி மகனுக்கென அவற்றைத் தொடாது வைத்திருந்தார். ஆண்டுக்கொடை பெற்றும் அவருள்ளத்தில் அச்சம் அகலவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தனிமனிதர் ஈகை எத்துணைத் தூயதாயினும், அவர்தம் கடனோடும் மரணத்தோடும் கட்டுண்டது. நாணயத்தின் பெறுமதி வீழ்ந்தால் அதுவும் வீழும். ஆகவே கலைஞன் வாழ்வைக் காக்கும் பொறுப்பை மக்கள் வரிப்பணத்தினின்றும் அரசே ஏற்க வேண்டும் என்னும் கருத்து நம் காலத்தில் வலுப்பெற்றது. 2022 இல் அயர்லாந்து தொடங்கிய சோதனைத் திட்டம் 2000 கலைஞருக்கு வாரந்தோறும் 325 யூரோ அளித்தது. அவர்கள் குலுக்கல் முறையில் தெரிவானவர்கள்; ஒரு பிரபுவின் தயவை நாடி அவர்கள் நிற்கவில்லை. அன்று மூவர் ஒருவருக்குச் செய்த கொடை, இவ்வாறு பலருக்குரிய உரிமையாக வளரத் தொடங்கியுள்ளது. மேதை என்று பெயரெடுத்த பின்னரே பீத்தோவனுக்கு அக்கொடை கிடைத்தது என்பதையும், பெயரெடுக்குமுன் பசியால் ஓய்ந்த கலைஞரின் தொகையை வரலாறு எழுதிவைக்கவில்லை என்பதையும் கற்றோர் சிந்தித்தல் நன்று.