கஞ்சாவை ஆராய்ந்தவர், தந்திக் கம்பி இழுத்தவர்

பிளேஸ்மென்ட் சீசன்ல எங்க ஹாஸ்டல்ல பாதிப் பேருக்குத் தூக்கமே கிடையாது. போன வாரம் ராத்திரி ரெண்டு மணிக்கு ரூம்மேட் போனை நீட்டினான். டென்ஷன் குறைய சிபிடி ஆயில், கஞ்சாச் செடியிலிருந்து எடுப்பதாம். வாங்கலாமா என்று கேட்டான். எனக்குத் தெரியல. தேடப் போன இடத்தில் கிடைத்தவர்தான் வில்லியம் புரூக் ஓஷானெஸி.

1809-ல் அயர்லாந்தின் லிமெரிக்கில் பிறந்தவர். எடின்பரோவில் மருத்துவம் முடித்தார். இங்கிலாந்தில் காலரா பரவியபோது அவருக்கு வயசு 22, கிட்டத்தட்ட நம்ம வயசு. நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்து, தண்ணீரும் உப்பும் குறைந்துபோவதைக் கண்டுபிடித்தார். அதை வைத்து 1832-ல் தாமஸ் லாட்டா என்ற டாக்டர் நரம்பு வழியாக உப்புநீர் ஏற்றினார். இன்னைக்கு நாம சாதாரணமாப் போட்டுக்கிற டிரிப்ஸின் ஆரம்பம் அது.

1833-ல் கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டராகக் கல்கத்தா வந்து, அங்கே மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர் ஆனார். இங்கே பாங், கஞ்சா எல்லாம் வைத்தியத்தில் இருப்பதைப் பார்த்தார். மதுசூதன் குப்தா போன்ற பண்டிதர்களிடமும் ஹக்கீம்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டார். உடனே நோயாளிக்குக் கொடுத்துவிடவில்லை. முதலில் நாய், பூனை, ஆடு, மீன் என்று விலங்குகளிடம் சோதித்தார். அப்புறம்தான் மனிதர்கள், அதுவும் சின்ன அளவில்.

1839-ல் முடிவுகளை வெளியிட்டார். வெறிநாய் கடித்த ஒருவரை அவரால் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் தண்ணீரைப் பார்த்தாலே நடுங்கிய அந்த மனிதர், மருந்துக்குப் பிறகு ஆரஞ்சுச் சாறு உறிஞ்சினார், சோறு விழுங்கினார். பிறந்து 40 நாளே ஆன ஒரு பெண் குழந்தைக்கு வலிப்பு நின்றது. தொடர்ந்து எடுத்தால் புத்தி பேதலிக்கும் என்பதையும் அவர் மறைக்காமல் எழுதினார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

சிபிடி என்ற ஒன்று அவருக்குத் தெரியாது. அதைத் தனியாகப் பிரித்தது 1940-ல். போதை தருவது டிஎச்சி, சிபிடி அல்ல. 2018-ல் அமெரிக்கா சிபிடி மருந்தை அங்கீகரித்ததும் குழந்தைகளுக்கு வரும் அரிதான வலிப்பு நோய்களுக்குத்தான். பதற்றத்துக்கு இதுவரை நடந்தவை பெரும்பாலும் சின்னச் சின்ன ஆய்வுகள். கல்லீரலைப் பாதிக்கலாம், வேற மாத்திரைகளோடு மோதலாம்.

இனி நம்ம இசிஇ பசங்களுக்கு. அதே 1839-ல் கல்கத்தாவில் மூங்கில் கம்பங்களில் இரும்புக் கம்பி கட்டி, ஹூக்ளி ஆற்றுக்கு அடியிலும் ஒயர் போட்டு தந்தி அனுப்பினார். ரிசீவர் எது தெரியுமா? விரல்! ஷாக் அடிக்கிறதை வைத்துச் செய்தியைப் படித்தார்கள். அப்போது அரசு கண்டுகொள்ளவில்லை. பிறகு டல்ஹவுசி காலத்தில் வேலை அவர் கைக்கே வந்தது. 1854 மார்ச்சில் ஆக்ராவிலிருந்து கல்கத்தாவுக்குத் தந்தி போனது. 1855-ல் பொதுமக்களுக்குத் திறந்தபோது மெட்ராசும் அந்த இணைப்பில் இருந்தது. 1856-ல் சர் பட்டம் கிடைத்தது. அப்புறம் இங்கிலாந்து போய், பெயரைக்கூட மாற்றிக்கொண்டு அமைதியாக வாழ்ந்து, 1889-ல் இறந்தார்.

இதையெல்லாம் ரூம்மேட்டிடம் சொல்லி முடிக்கும்போது மணி நாலு. ஆயில் இன்னும் கார்ட்டில்தான் இருக்கு. விடிஞ்சதும் டெலி-மானஸ் 14416-க்குப் பேசறதா ஒத்துக்கிட்டான். போன் பண்ணும்போது நானும் பக்கத்துல இருக்கணுமாம்.