பார்த்தே கற்றார், பாரெல்லாம் புகழ் பெற்றார்!
ஓவியர் ரவிவர்மாவின் கதை

திருவனந்தபுரம் அரண்மனையில் ஓர் அறை. நடுவே ஒரு மரச் சட்டம். அதில் இழுத்துக் கட்டிய துணி. அதன் முன்னால் வெள்ளைக்காரர் ஒருவர் தூரிகையும் கையுமாக நிற்கிறார். துணியில் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு முகம் தோன்றுகிறது. அது அரச குடும்பத்தாரின் முகம். உயிரோடு எதிரில் இருப்பது போன்ற முகம்.

சற்றுத் தள்ளி ஓர் இளைஞன் நிற்கிறான். வயது 20. அவன் கையில் தூரிகை இல்லை. அவனுக்குப் பாடம் சொல்லித் தர வெள்ளைக்காரருக்கு மனம் இல்லை. பக்கத்தில் நின்று பார்ப்பதற்கு மட்டும் அனுமதி உண்டு. அதுவும் மன்னர் சொன்னதால் கிடைத்த அனுமதி.

இளைஞன் பார்த்தான். கண் கொட்டாமல் பார்த்தான். அப்படிப் பார்த்தே ஒரு பெரிய கலையைக் கற்றுக்கொண்டான்.

அந்த இளைஞன்தான் பின்னாளில் இந்தியா முழுவதும் பெயர் பெற்ற ஓவியர் ராஜா ரவிவர்மா.

சுவரில் கரிக்கோடு

திருவனந்தபுரத்துக்கு வடக்கே கிளிமானூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஓர் அரண்மனை. திருவிதாங்கூர் அரச வம்சத்தோடு உறவு கொண்ட குடும்பத்தின் வீடு அது. அந்த வீட்டில் 1848-ம் ஆண்டு ஏப்ரல் 29-ந் தேதி ரவிவர்மா பிறந்தார். தந்தை சமஸ்கிருதம் கற்ற பண்டிதர். தாய் உமாம்பா பாட்டு இயற்றும் திறமை உள்ளவர்.

சிறுவனுக்கு ஏட்டைவிடச் சுவர்தான் பிடித்தது. அடுப்புக்கரியை எடுப்பான். வெள்ளைச் சுவரில் யானை வரைவான். மாடு வரைவான். வீட்டில் கண்டதை எல்லாம் வரைவான். சுவரைச் சுத்தம் செய்யும் வேலையாட்கள் முணுமுணுத்தார்கள்.

ஒருவர் மட்டும் கோபப்படவில்லை. அவர் சிறுவனின் தாய்மாமன் ராஜராஜவர்மா. அவரும் படம் வரைகிறவர். மதுரையிலிருந்து சென்று திருவிதாங்கூர் அரண்மனை ஓவியராக இருந்த அழகிரி நாயுடு என்பவரிடம் அவர் பாடம் கேட்டவர்.

ஒரு நாள் மாமன் ஒரு படத்தைப் பாதியில் விட்டு வெளியே போனாராம். திரும்பி வந்து பார்த்தால், மீதிப் பாதி வரையப்பட்டிருந்ததாம். வரைந்தவன் மருமகன்! இப்படி ஒரு கதையை அந்த வட்டாரத்தில் சொல்வார்கள். மாமன் அன்று முதல் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கோடு போடப் பழக்கினார்.

மூடிய கதவு

1862-ல் ரவிவர்மாவுக்கு 14 வயது. மாமன் அவரைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துப் போனார். அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் ஆயில்யம் திருநாள் மகாராஜா. பையனின் படங்களை மன்னர் பார்த்தார். பிடித்துப் போயிற்று. அரண்மனை அருகில் தங்கி ஓவியம் பழக ஏற்பாடு செய்தார்.

நீர் வர்ணத்தில் ரவிவர்மா தேறிவிட்டார். ஆனால் அவருடைய ஆசை தைல வர்ணத்தின் மேல் இருந்தது. வர்ணப் பொடியை எண்ணெயில் குழைத்துத் துணியின் மேல் தீட்டும் முறை அது. ஐரோப்பாவில் பழகிய முறை. நம் நாட்டில் அன்று அது தெரிந்தவர்கள் மிகவும் குறைவு.

அரண்மனையில் ராமசாமி நாயக்கர் என்ற ஓவியர் இருந்தார். அவருக்குத் தைல வர்ணம் தெரியும். ஆனால் அவர் சொல்லித் தர மறுத்துவிட்டார்.

அந்தக் காலத்தில் வித்தைதான் சோறு. தெரிந்ததை அடுத்தவருக்குச் சொன்னால், அடுத்த படத்துக்கு அரண்மனை அவரைக் கூப்பிடும். நமக்கு என்ன மிஞ்சும்? இந்தப் பயம் கைத்தொழில் செய்த பலருக்கும் இருந்தது. நாயக்கருக்கும் இருந்திருக்கலாம்.

நாயக்கரிடம் ஆறுமுகம் பிள்ளை என்ற மாணவர் ஒருவர் இருந்தார். குருவுக்குத் தெரியாமல் அவர் ரவிவர்மாவுக்குச் சில நுட்பங்களைச் சொல்லிக் கொடுத்தார் என்று சொல்லப்படுகிறது. அது பசிக்குக் கிடைத்த ஒரு கவளம். வயிறு நிறையவில்லை.

மறுபடி ஒரு கதவு

1868-ல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் திருவனந்தபுரத்துக்கு வந்தார். அரச குடும்பத்தாரின் உருவப்படங்களைத் தைல வர்ணத்தில் தீட்ட வந்தவர் அவர்.

ரவிவர்மாவின் மனம் துள்ளியது. மன்னரும் சிபாரிசு செய்தார். ஆனால் ஜென்சனும் வித்தையைச் சொல்லித் தர விரும்பவில்லை. தாம் வரையும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு மட்டும் சம்மதித்தார்.

வேறு ஒருவராக இருந்தால் மனம் உடைந்து ஊர் திரும்பியிருப்பார். ரவிவர்மா போய் நின்றார்.

நீர் வர்ணம் சட்டென்று காய்ந்துவிடும். தைல வர்ணம் காய நாள் பிடிக்கும். ஈரம் இருக்கும்போதே ஒரு வர்ணத்தை இன்னொன்றோடு இழைத்துவிடலாம். வெளிச்சம் எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி செய்யலாம். கன்னத்தின் உருட்சி அப்படித்தான் படத்தில் வருகிறது. இந்த இழைப்பைச் சொல்லால் விளக்குவது கடினம். கண்ணால் பார்த்தால் பிடிபடும். ஜென்சன் வாயைத் திறக்காமல் இருக்கலாம். கையை மறைக்க முடியுமா?

பகலில் பார்த்ததை ரவிவர்மா தம் அறையில் செய்து பார்த்தார். தவறு வந்தது. திருத்தினார். மறுபடியும் தவறு வந்தது. மறுபடியும் திருத்தினார். குரு இல்லாத மாணவனுக்குத் தவறுதான் குரு.

கண் செய்யும் வேலை

முகம் வரைவதில் கைக்கு வேலை பாதி. கண்ணுக்கு வேலை பாதிக்கு மேல்.

வீட்டில் ஒரு குழந்தையிடம் ஒரு முகம் வரையச் சொல்லுங்கள். கண்களை நெற்றிக்குப் பக்கத்தில் போட்டுவிடும். பெரியவர்களும் அப்படித்தான் செய்வார்கள். இப்போது எதிரில் இருப்பவரின் தலையை நூல் பிடித்து அளந்து பாருங்கள். உச்சந்தலையிலிருந்து மோவாய் வரை உள்ள நீளத்தில், சரிபாதியில் கண் இருக்கும்! இரண்டு கண்களுக்கும் நடுவே உள்ள இடம், ஏறக்குறைய ஒரு கண்ணின் அகலம் இருக்கும்.

தினமும் பார்க்கிற முகம்தான். ஆனாலும் நாம் பார்த்ததை வரைவதில்லை. மனத்தில் நினைத்திருப்பதை வரைகிறோம். நினைப்பை ஒதுக்கிவிட்டுக் கண்ணை நம்புகிறவனே உருவப்படம் வரைவான்.

தோலின் நிறமும் அப்படித்தான். ஒரே முகத்தில் நெற்றிக்கு ஒரு நிறம், கன்னத்துக்கு ஒரு நிறம், கழுத்து மடிப்புக்கு ஒரு நிறம். ஜன்னல் பக்கம் உள்ள கன்னம் வேறு. மறு கன்னம் வேறு.

ரவிவர்மாவின் படங்களில் பெண்கள் அணிந்திருக்கும் நகைகளைப் பாருங்கள். பொன் மின்னுகிறது. தஞ்சாவூர்ப் படங்களில் உண்மையான தங்கத் தகடு ஒட்டுவார்கள். ரவிவர்மா அப்படி ஒட்டவில்லை. மஞ்சள், பழுப்பு, அதன் மேல் ஒரு பொட்டு வெளிச்சம். அவ்வளவே! பொன்னின் மேல் ஒளி எப்படி விழுகிறது என்று பார்த்திருந்தார். பட்டு மடிப்பும், முத்தின் பளபளப்பும் அவர் தூரிகையில் அப்படித்தான் வந்தன.

சென்னை தந்த தங்கம்

1870-ல் கோழிக்கோட்டில் ஒரு நீதிபதியின் குடும்பத்தைப் படமாக வரையும் வேலை கிடைத்தது. கூலி பெற்று அவர் தீட்டிய முதல் உருவப்படம் அது.

1873-ல் சென்னையில் ஓவியக் கண்காட்சி நடந்தது. ஐரோப்பியர்களும் அதில் படம் வைத்தார்கள். ரவிவர்மாவும் ஒரு படம் அனுப்பினார். நாயர் பெண் ஒருத்தி தலையில் பூச்சூடிக்கொள்ளும் காட்சி. வீட்டுக்கு வீடு நடக்கிற காரியம்தான். அந்தப் படத்துக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. கடல் கடந்து வியன்னா போயும் அது பரிசு பெற்றது.

மறு ஆண்டும் சென்னையில் தங்கப் பதக்கம். இம்முறை அவர் வரைந்தது, தந்தி வாத்தியம் மீட்டும் ஒரு தமிழ்ப் பெண்ணை.

சென்னையில் பக்கிங்காம் கால்வாய் இருக்கிறது அல்லவா? அந்தப் பெயருக்கு உரியவர், அப்போது சென்னை கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபு. சகுந்தலை துஷ்யந்தனுக்குக் கடிதம் எழுதுவதாக ரவிவர்மா தீட்டிய படத்தை விலை கொடுத்து வாங்கியவர் அவர். 1878-ல் அவருடைய உருவப்படத்தையே ரவிவர்மா தீட்டினார். பத்து ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐரோப்பியரின் பின்னால் நின்று பார்த்தவர், இப்போது ஐரோப்பியப் பிரபுவை எதிரே உட்கார வைத்து வரைந்தார்.

தெய்வங்களுக்கு முகம்

1880-ல் ஆயில்யம் திருநாள் காலமானார். அடுத்து வந்த மன்னரோடு ரவிவர்மாவுக்கு ஒத்துப்போகவில்லை. அரண்மனை ஆதரவு போயிற்று. ஆனால் கையில் வித்தை இருந்தது.

கும்பகோணத்தில் பிறந்த சர் டி. மாதவராவ் திருவிதாங்கூரில் திவானாக இருந்தவர். பிறகு பரோடாவில் திவான் ஆனார். அவர் காலத்தில் ரவிவர்மாவுக்குப் பரோடா அரண்மனையின் கதவு திறந்தது. 1881-ல் அங்கே சென்று சயாஜிராவ் மன்னரை வரைந்தார்.

பின்னர் அந்த மன்னர் 14 புராணப் படங்கள் கேட்டார். சீதையும் தமயந்தியும் என்ன உடை உடுத்தியிருப்பார்கள்? ரவிவர்மா யோசித்தார். தம் தம்பி ராஜராஜவர்மாவை அழைத்துக்கொண்டு வடநாடு முழுவதும் பயணம் செய்தார். ஊர் ஊராகப் பெண்களின் உடையையும், நகையையும், நடையையும் பார்த்தார். பேர் பெற்ற பிறகும் அவர் பார்ப்பதை நிறுத்தவில்லை. பிறகு கிளிமானூரில் அமர்ந்து படங்களைத் தீட்டினார். 1890-ல் அவை முடிந்தன. மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள்.

1893-ல் அமெரிக்காவில் சிகாகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சிக்கு 10 படங்கள் அனுப்பினார். அங்கும் பரிசு கிடைத்தது.

ஏழை வீட்டுச் சுவரில்

அரண்மனைப் படத்தை ஏழை பார்ப்பது எப்படி? படங்களை அச்சிட்டால் எல்லோர் வீட்டுக்கும் போகுமே என்று மாதவராவ் முன்பே யோசனை சொல்லியிருந்தார். 1894-ல் ரவிவர்மா பம்பாயில் ஒரு கல் அச்சகம் தொடங்கினார். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல். காகிதத்தை ஒவ்வொரு கல்லிலும் ஒற்றி ஒற்றி எடுத்தால் முழுப் படம் வரும்.

லட்சுமியும் சரஸ்வதியும் வீடு வீடாகப் போனார்கள். கோயிலுக்குள் நுழையக் கூடாது என்று தடுக்கப்பட்டவர்களின் குடிசைக்கும் போனார்கள். சில அணா இருந்தால் போதும், தெய்வம் வீட்டுச் சுவரில் குடியேறியது.

அச்சகத்தால் பேர் வந்தது. பணம் வரவில்லை. கடன் வந்தது. லோனாவ்லா அருகே இடம் மாற்றியும் பயன் இல்லை. கடைசியில் அங்கே வேலை செய்த ஜெர்மானியர் ஒருவருக்கு அதை விற்றுவிட்டார்.

1905 ஜனவரியில் தம்பி ராஜராஜவர்மா இறந்தார். நிழல் போல் கூடவே இருந்து, படங்களில் மரமும் மலையும் தீட்டி உதவிய தம்பி. அந்த அடியை அண்ணனால் தாங்க முடியவில்லை. 1906 அக்டோபர் 2-ந் தேதி, பிறந்த கிளிமானூரிலேயே ரவிவர்மா கண் மூடினார்.

அவர் மறைந்த பின் சிலர் குறை சொன்னார்கள். மேல்நாட்டு முறையைப் பின்பற்றினார் என்றார்கள். தெய்வங்களை மனிதர்களாக்கிவிட்டார் என்றார்கள். ஆனால் மக்கள் அந்தப் படங்களைச் சுவரிலிருந்து கழற்றவில்லை. 1979-ல் இந்திய அரசு அவருடைய ஓவியங்களை நாட்டின் கலைச் செல்வம் என்று அறிவித்தது. திருவனந்தபுரம் சித்திராலயத்திலும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் அவர் கைப்பட்ட படங்கள் உள்ளன.

திறந்த கதவு

ரவிவர்மாவின் மகன் ராமவர்மாவும் ஓவியர். மாவேலிக்கரையில் 1915-ல் அவர் ஓர் ஓவியப் பள்ளி தொடங்கினார். இன்று அது ராஜா ரவிவர்மா பெயரில் ஓவியக் கல்லூரியாக இருக்கிறது.

சொல்லித் தர ஆள் இல்லாமல், ஓரமாக நின்று பார்த்துக் கற்றார் தந்தை. வந்தவர்களை உட்கார வைத்துச் சொல்லித் தரப் பள்ளிக்கூடம் கட்டினார் மகன். தந்தைக்கு மகன் செய்த சிறந்த மரியாதை அதுதான்.