ஜோசப் மிக்லி

அமெரிக்க நாணயச் சேகரிப்பின் தந்தையெனப் போற்றப்படுபவர் ஜோசப் மிக்லி என்பவராவர். இவர் 1799ஆம் ஆண்டில் பென்சில்வேனியா மாகாணத்திற் பிறந்தார். பியானோ செய்யுந் தொழில் பயின்று, பிலடெல்பியா நகரில் இசைக்கருவிகளைச் செய்தும் செப்பனிட்டும் வாழ்ந்தார்.

இளமையிலே, தாம் பிறந்த ஆண்டு பொறித்த செப்புச் சென்டு ஒன்றைப் பெற வேண்டுமென்னும் அவா இவருக்கு எழுந்தது. டாலரில் நூற்றிலொரு பங்கேயாகிய அக்காசு பெருமுயற்சியின் பின்னரே கிட்டிற்று. காசிற் பொறித்த மதிப்பு வேறு, அருமையால் எய்தும் மதிப்பு வேறு என்பதை அத்தேட்டமே புலப்படுத்தியது. ஆண்டும், அச்சின் வேற்றுமையும், தேய்வின் அளவுமன்றோ பழஞ்செம்பின் விலையை வரையறுப்பன! ஒரு காசிற் றொடங்கிய விருப்பம் பெருந்தொகுதியாய் வளர்ந்தது. 1858இல் பிலடெல்பியாவில் தோன்றிய நாணயச் சங்கம் இவரையே முதற்றலைவராகக் கொண்டது.

1867ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கள்வர் இவரில்லத்துட் புகுந்து விலையுயர்ந்த நாணயங்கள் பலவற்றைக் கவர்ந்து சென்றனர். எஞ்சிய தொகுதியை அவ்வாண்டே விற்றுவிட்டார். பொருள் அகன்றதேயன்றி ஊக்கம் அகன்றிலது. எழுபதாம் பிராயத்திற் புறப்பட்டு, 1869 முதல் 1872 வரை அயல்நாடுகளிற் சுற்றுப்பயணஞ் செய்தார். 1878இல் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

பிறர் செலவழித்து மறந்த செப்புக்காசில் தம் நாட்டின் சரித்திரத்தைக் கண்டவர் இவர். கள்வராற் கவரவொண்ணாத செல்வம் அவ்வறிவே யாம்.