வரி தண்டிய கையால் வரலாறு எழுதியவர்

அரசின் கருவூலத்திற்கும், ஓர் ஊர் மக்கள் ஒருவரையொருவர் தாங்கி நிற்கும் உறவுக்கும் தொடர்பு உண்டா? இவ்வினாவைப் பதினான்காம் நூற்றாண்டிலேயே எழுப்பி விடையும் கண்டவர் அறிஞர் இப்னு கல்தூன். சமூகவியலின் முன்னோடி என்று மேலை நாட்டாரும் அவரைப் போற்றுவர். ஆயின், ஏட்டறிவால் மட்டும் அவர் அவ்விடையைக் கண்டாரல்லர். படையுடன் சென்று தாமே வரி தண்டியவர் அவர்.

கி.பி. 1332-இல் (ஹிஜ்ரி 732) தூனிஸ் நகரில் பிறந்தார். ஹளரமவ்த்தைப் பூர்விகமாகக் கொண்ட அவர்தம் முன்னோர் ஸ்பெயினின் செவில் நகரில் செல்வாக்குடன் வாழ்ந்தவர்கள். 1248-இல் அந்நகர் வீழுமுன் ஆப்பிரிக்கக் கரைக்குப் பெயர்ந்தவர்கள். 1348, 49-ஆம் ஆண்டுகளில் பரவிய பெருங்கொள்ளை நோய் அவருடைய பெற்றோரையும் ஆசிரியர் பலரையும் ஒருசேரக் கொண்டுபோயிற்று. அப்போது அவருக்கு வயது பதினேழு. நேற்றுவரை நிலைத்திருந்த சமூகம் கண்ணெதிரே கரைந்ததைக் கண்ட அவ்விளைஞரின் உள்ளத்தில், நாடுகள் ஏன் எழுகின்றன, ஏன் விழுகின்றன என்னும் எண்ணம் அன்றே வேரூன்றியிருக்க வேண்டும் என்று கருத இடமுண்டு.

இருபது வயதில் அரசு முத்திரை எழுத்தராகப் பணியேற்றார். பின்னர் பெஸ் நகர அரசவை; அங்குச் சூழ்ச்சிக் குற்றச்சாட்டில் ஏறத்தாழ இரண்டாண்டுச் சிறை; அதன்பின் கிரனாடா. கிரனாடா சுல்தானின் தூதராக 1364-இல் செவில் சென்றபோது, அந்நகர்க் கிறித்தவ மன்னர் முன்னோரின் நிலங்களைத் திருப்பித் தருவதாகக் கூறித் தம்மிடம் தங்கிவிடும்படி வேண்டினார். இப்னு கல்தூன் இசையவில்லை.

1365-இல் பிஜாயா நகர ஆட்சியாளரின் ஹாஜிபாக, அதாவது தலைமை அமைச்சராக அமர்ந்தார். போரினால் கருவூலம் வறண்டிருந்தது. மலைவாழ் பெர்பர் குலத்தார் பல்லாண்டுகளாக வரி செலுத்த மறுத்துவந்தனர். அமைச்சரே படையுடன் மலையேறினார். அவர்களுள் சிலரைப் பிணையாகப் பிடித்தார். வரியைத் தண்டிக்கொண்டு திரும்பினார். இச்செய்தியை அவரே தம் தன்வரலாற்றில் மறைக்காது பதிந்துள்ளார். அவ்வளவு கடுமையும் அவ்வரசைக் காக்கவில்லை. மறு ஆண்டே அம்மன்னர் தம் ஒன்றுவிட்ட சகோதரனின் படையால் கொல்லப்பட, நகரை வென்றவரிடம் ஒப்படைத்துவிட்டு இப்னு கல்தூன் வெளியேறினார்.

1375-இல் அரசியலை வெறுத்து, இன்றைய அல்ஜீரியாவிலுள்ள இப்னு ஸலாமா கோட்டையில் குடும்பத்துடன் ஒதுங்கினார். அங்குதான் 1377-இல், ஐந்தே மாதங்களில், தம் உலக வரலாற்று நூலின் முன்னுரையாகிய 'முகத்திமா'வை எழுதி முடித்தார்.

குழுவாக வாழ்வோரைப் பிணைக்கும் உறவுணர்வை அவர் 'அஸபிய்யா' என்றழைத்தார். அவ்வுணர்வால் எழும் புதிய அரசு எளிமையாக வாழ்கிறது. மார்க்கம் விதித்த அளவே வரி கொள்கிறது. உழவர் ஊக்கமுறுகின்றனர், விளைநிலம் பெருகுகிறது, சிறுவரியே பெருவருவாய் ஈட்டித் தருகிறது. பின்வரும் தலைமுறை ஆடம்பரத்தில் தோய்கிறது. உடன் நின்ற உறவினரை விலக்கிக் கூலிப்படையை அமர்த்துகிறது. அதற்கு ஊதியம் தர வரியை உயர்த்துகிறது. சந்தை வாயில்களில் சுங்கம் வைக்கிறது. உழைப்பின் பயன் தமக்கில்லை என்று கண்ட மக்கள் கைசோர்கின்றனர். வருவாய் குறைகிறது, அரசோ மேலும் வரியை ஏற்றுகிறது. மன்னரே வணிகத்தில் இறங்கி, மலிவாகப் பறித்து உயர்ந்த விலைக்கு மக்கள் தலையில் கட்டுவதை அவர் கொடிய அநீதியாகக் கண்டார். வரிச்சுமைக்குத் தலைகுனிந்து பழகிய குலம் தன் மானத்தையும் ஒற்றுமையையும் இழந்துவிடும் என்றும் எழுதினார். பிஜாயா மலைகளில் அவர் பார்த்த முகங்கள் இவ்வரியை எழுதுகையில் நினைவில் வந்திரா என்று என்னால் எண்ண இயலவில்லை.

வயலுள் புகுந்த யானையைக் காட்டிப் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு இறை கொள்ளும் முறை உரைத்த பிசிராந்தையாரை அறிந்த தமிழ் மாணவர்க்கு இக்கருத்துப் புதிதன்று. 1981-இல் அமெரிக்க அதிபர் ரீகன் தம் வரிக்குறைப்புக்கு ஆதரவாக இப்னு கல்தூனின் பெயரை எடுத்தாண்டார். பாதியை மட்டுமே அவர் எடுத்துக்கொண்டார் என்பேன். அரசே நாட்டின் பெருஞ்சந்தை. அது செலவிடாது பொருளை முடக்கினால் மக்கள் கையிலும் பணம் வற்றும் என்பதும் அதே நூலில் உள்ளதன்றோ!

1382-இல் எகிப்து சென்றார். 1384-இல் கெய்ரோவில் மாலிக் மத்ஹபின் தலைமைக் காஜியானார். பொய்ச் சாட்சியங்களாலும் போலி ஆவணங்களாலும் வக்ஃபு சொத்துகள் சூறையாடப்படுவதைக் கண்டு கடுமையாக நடவடிக்கை எடுத்தார். ஏழையரும் மாணவரும் நம்பியிருந்த சொத்துகள் அவை. செல்வாக்குடையோர் பகைவராயினர். அவ்வேளையில்தான் தூனிஸிலிருந்து வந்த அவர்தம் குடும்பத்தார் கப்பல் கவிழ்ந்து மாண்டனர். ஓராண்டளவில் பதவியும் போயிற்று. பின்னரும் பலமுறை நியமனமும் நீக்கமும் மாறி மாறி வந்தன. ஆறுமுறை அப்பதவியில் அமர்ந்தார்.

1401-இல் தைமூர் திமிஷ்க்கை முற்றுகையிட்டபோது, கோட்டைச் சுவரிலிருந்து கயிற்றில் இறங்கிச் சென்று அவரைச் சந்தித்தார். தைமூர் அவருடைய கோவேறு கழுதையை விரும்பிப் பெற்றுக்கொண்டு, பின்னர் அதன் விலையைக் கெய்ரோவுக்கு அனுப்பிவைத்தார். அயல் மன்னரின் பணமாதலின், சுல்தானுக்கு அறிவித்த பின்னரே இப்னு கல்தூன் அதைக் கையில் வாங்கினார். 1406-ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 808 ரமளானில், காஜிப் பதவியில் இருந்தபடியே காலமானார். கெய்ரோவின் நஸ்ர் வாயிலுக்கு வெளியே, ஸூஃபிகளின் அடக்கத்தலத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார்.